சீனிச்சாமி விட்டுப்போன மூன்று மூச்சு

தெற்கே போய், இன்னும் தெற்கே போய், இதற்கு மேல் தெற்கே கப்பல் போகாது என்கிற இடத்தில், பனிக்கட்டியின்மேல் இரும்புக் கால் ஊன்றி ஓர் ஆராய்ச்சி நிலையம் நின்றது; அங்கே ஆகஸ்ட் மாதம் சூரியன் திரும்பி வந்த வாரத்தில், பத்தொன்பது பேரும் வெளியே விட்ட மூச்சு கலைந்து போகாமல் விட்ட இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் சமையல்காரர் துரைக்கண்ணு. காலையில் கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர், தன் மூச்சு ஒரு கைப்பிடிப் பஞ்சு அளவுக்கு வாய்க்கு நேரே வெள்ளையாக நிற்பதைக் கண்டார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார், வந்து உப்புமாவை இறக்கி வைத்துவிட்டு, வெளியே போகிறவர்கள் குனிந்து போங்கள், வாசலில் என் மூச்சு நிற்கிறது என்றார். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மாதக்கணக்காக ஒரே பெட்டிக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அதிலும் இரண்டு மாதம் சூரியனே இல்லாமல் கிடந்தவர்களுக்கு ஆச்சரியப்படத் தெம்பு இல்லை, உப்புமா ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

நிலையத்துக்கு வைத்தியரும் தலைவரும் ஒருவரே, டாக்டர் குருவிலா, கோட்டயத்துக்காரர், வேலூரில் பல வருஷம் இருந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அவர் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தலைமையகம் அதை வானிலைப் படிவத்தில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதச் சொன்னது, அவரும் எழுதினார், அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

ஒரு வாரத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. காற்று அதை அசைக்காது, புயல் அதைக் கரைக்காது. சிரித்த மூச்சு பெரிசாக இருக்கும், மூக்கால் விட்டது சின்னதாக இருக்கும். உள்ளே இழுத்தால் போய்விடும், ஆனால் போகும்போது, அதை விட்டவர் மனசில் அந்த நேரம் என்ன இருந்ததோ அதை இழுத்தவர் நெஞ்சில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். வார்த்தை எதுவும் வராது, சூடு மட்டும் வரும், எதைப் பற்றிய சூடு என்பதும் புரிந்துவிடும். துரைக்கண்ணு ஒரு தடவை கவனம் பிசகி டாக்டருடைய மூச்சை இழுத்துவிட்டு, மூன்று நாள் பத்தொன்பது பேருடைய ரத்த அழுத்தத்தையும் நினைத்து நினைத்துக் கவலைப்பட்டு உப்பில்லாமல் சமைத்துப்போட்டார். நான்காம் நாள் அவருக்குத் தெளிந்தது, எல்லோரும் பிழைத்தார்கள்.

பிழைக்கத் தெரிந்தவர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள் இல்லையா. வெளிச்சமான ஒரு நாளில் துரைக்கண்ணு சமையலறை வாசலிலிருந்து கிடங்கு வரைக்கும் அடிக்கு ஒரு மூச்சாக விட்டுக்கொண்டே நடந்தார், பிறகு கண்ணை மறைக்கிற புயலில்கூட ஆட்கள் அந்த வரிசையைக் கையால் தடவிக்கொண்டே போய் அரிசி மூட்டை எடுத்து வந்தார்கள், கயிறு கட்டுகிற வேலை மிச்சம். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் எல்லோரும் வெளியே போய் அவரைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று விட்டுவிட்டு வருவார்கள். சண்டை போட்டவர்கள் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே நின்றுபோனது; சண்டை நடந்த இடத்துக்கு எதிராளியையும் கூட்டிக்கொண்டு போய், தான் கத்தியபோது விட்ட மூச்சை அவர் கண்ணெதிரே உள்ளே இழுத்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. அப்படி இழுக்கிறபோது இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும், எதிராளி முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இந்த ஏற்பாட்டில் எல்லாம் சேராத ஒரே ஓர் இடம் பிரகாசியின் மேடு. பிரகாசி தூத்துக்குடிக்காரி, முப்பத்து நாலு வயசு, அவள் அப்பா சங்கு குளிக்கிறவர், அவளும் சின்ன வயசில் அப்பாவோடு சண்டை போட்டுப் படகில் ஏறிக் கடலில் குதித்தவள். படித்தது கருவிகளைப் பழுது பார்க்கிற படிப்பு, ஆனால் அவளை அந்த வேலைக்கு எடுத்ததற்குப் படிப்பு பாதிக் காரணம், நான்கு நிமிஷம் மூச்சைப் பிடிக்கிற நெஞ்சு மீதிக் காரணம். புதன்கிழமைதோறும் அவள் கண்ணாடிக் குடுவை இரண்டு வைத்த பெட்டியைச் சுமந்துகொண்டு, நிலையத்தின் புகையோ சூடோ படாத அந்த மேட்டுக்கு நானூறு எட்டு எடுத்துவைத்து நடந்து போய், முகத்தைக் காற்றுக்குக் காட்டி நின்று, குடுவை இரண்டையும் காற்றால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். உலகத்தில் எவன் எங்கே எதை எரித்தாலும், அடுப்போ ஆலையோ விமானமோ, அந்தக் கரியமில வாயு எல்லாக் காற்றோடும் கலந்து ஒருநாள் அங்கே வந்து சேர்ந்துவிடும். ஆள் இல்லாத இடத்தில் அளந்தால்தான் எல்லோருடையதும் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் முதல் குடுவையில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு முந்நூற்று ஐம்பத்தாறு பங்கு இருந்தது, இப்போது நானூற்றுப் பத்தொன்பது, நடுவில் ஒரு புதன்கிழமைகூட விட்டுப்போகவில்லை. அந்த வரிசையில் தன் காலத்தில் ஓட்டை விழக் கூடாது என்பதில் பிரகாசி ராட்சசியாக இருந்தாள்.

மேட்டில் மூச்சு விடக் கூடாது. ஒரு மூச்சில் இருக்கிற கரியமில வாயு போதும், குடுவை கெட்டுவிடும். அதனால் அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வால்வைத் திறந்துவிட்டு, காற்று போகிற திசையில் நூறு எட்டு நடந்து போய் நின்று மூச்சு வாங்கிவிட்டு, குடுவை நிரம்பியதும் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து மூடுவார்கள், விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பிரகாசி அப்படிப் போக மாட்டாள். நான்கு நிமிஷமும் பெட்டிக்குப் பக்கத்திலேயே கல் மாதிரி நிற்பாள், நிரம்பியதும் மூடுவாள், அப்புறம்தான் நடப்பாள். ஆகஸ்டுக்குப் பிறகு வெளியெல்லாம் மூச்சாக நின்றபோது அவள் மேட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை, டாக்டர் அதை எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டார், அவளுக்கும் உள்ளுக்குள் கர்வம்தான்.

அந்தக் கர்வத்துக்கு எதிர்க்கட்சி ஜெனரேட்டர் மெக்கானிக் சீனிச்சாமி. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், ஐம்பத்தாறு வயசு, பெயரில் இருந்த சீனி பெயரோடு சரி, மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். சாப்பாடு சூடாக இருந்தால் கோபம், ஆறியிருந்தால் கோபம், ஒருவன் நன்றி சொன்னால் அதற்கு ஒரு கோபம். ஜெனரேட்டர் கொட்டகையைச் சுற்றி நின்ற அவர் மூச்சுகளை வழிதப்பி இழுத்தவர்கள் இரண்டு நாளைக்கு ஸ்பானரைத் திட்டிக்கொண்டு திரிந்தார்கள். உங்கள் புகை என் மேட்டுப் பக்கம் வருகிறது என்று பிரகாசி வாரத்துக்கு ஒரு தடவை போய் நிற்பாள், என் புகை இல்லாவிட்டால் நீ விறைத்துப்போய்க் கிடப்பாய் புள்ள என்று அவர் திருப்பிக் கொடுப்பார், அவள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சண்டை போடுவாள். இருவருமே அந்தச் சண்டையில் விட்ட மூச்சைத் திருப்பி எடுத்தது கிடையாது. கொட்டகை வாசலில் அது வேலி கட்டினதுபோல் நின்றது.

செப்டம்பர் மாதம் இரண்டாம் புதன்கிழமை, நல்ல பகல். பிரகாசி வால்வைத் திறந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கீழேயிருந்து சீனிச்சாமி ஏறி வருவதைப் பார்த்தாள். புதன்கிழமை காலையில் மேட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கை வரக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா. வாய் திறந்து கத்த முடியாது, திறந்தால் மூச்சு போய்விடும். கையை வீசி, போங்கள், போங்கள் என்று காட்டினாள். அவர் நின்றார், என்னவோ கையைக் காட்டினார், இன்னும் நான்கு எட்டு வந்தார், அப்புறம் குனிந்தார், அப்புறம் பனியில் உட்கார்ந்தார். சரி, களைத்துப்போய் உட்கார்கிறார், அங்கேயே இருக்கட்டும் என்று அவள் முகத்தை மறுபடி காற்றுக்குத் திருப்பிக்கொண்டாள். மீதி மூன்று நிமிஷத்தையும் எண்ணி முடித்து, வால்வை மூடி, பெட்டியை எடுத்துக்கொண்டு திட்டுவதற்குத் தயாராக இறங்கி வந்தால், மோவாய் நெஞ்சில் படியச் சீனிச்சாமி இறந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு எதிரே மூன்று மூச்சு நின்றது. ஒன்று நிற்கிற உயரத்தில், ஒன்று குனிந்த உயரத்தில், ஒன்று உட்கார்ந்த உயரத்தில். மேட்டிலிருந்து முப்பதே எட்டு.

டாக்டர் நாற்பது நிமிஷம் போராடிப் பார்த்தார். மாரடைப்பு என்றார். காற்று திசை மாறுவதைக் கொட்டகைக் குழாயில் பார்த்துவிட்டு, புகை மேட்டுப் பக்கம் போகப்போகிறது என்று அவளுக்குச் சொல்லத்தான் சீனிச்சாமி அவ்வளவு வேகமாக ஏறினார் என்று துரைக்கண்ணு சொன்னார், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம். எப்போது பார்த்தாய் என்று டாக்டர் கேட்டபோது, பிரகாசி பார்க்கவே இல்லை, முடித்துவிட்டுத் திரும்பினால் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் பதிவேட்டில், அருகில் ஆள் தென்பட்டதா என்ற கட்டத்தில், இல்லை என்று எழுதினாள். விதிப்படி நூறு எட்டு நடந்து போயிருந்தால் அவரைத் தாண்டித்தான் போயிருப்பாள், போயிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பாள், பார்த்திருந்தால் மூன்று நிமிஷம் முந்தியிருக்கும், மூன்று நிமிஷத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அவளைத் தின்றது.

உடலை டிசம்பரில் கப்பல் வருகிற வரைக்கும் காலிச் சரக்குப் பெட்டகம் ஒன்றில் வைத்தார்கள். கொட்டகையைச் சுற்றி நின்ற அவர் மூச்சுகளை யாரும் தொடவில்லை, குனிந்தும் வளைந்தும் போய் டீசல் ஊற்றினார்கள், மறந்துபோய் ஒருவன் தலை நிமிர்ந்து போனால் நான்கு பேர் அதட்டினார்கள். ஆனால் மேட்டில் நிற்கிற மூன்றும் அப்படி விட்டுவைக்க முடியாத மூச்சு. நூறு எட்டுக்குள் மனுஷ மூச்சு நிற்கிற இடத்தில் எடுத்த காற்று செல்லாது என்று ஆய்வகத்திலிருந்து பதில் வந்துவிட்டது, மேட்டை மாற்றினால் முப்பத்தொரு வருஷக் கணக்கோடு ஒட்டாது. யாராவது இழுத்தாக வேண்டும். யாருக்கும் துணிவு வரவில்லை. சாகிறவன் நெஞ்சில் என்ன இருந்ததோ, அதை எவன் தன் நெஞ்சில் இறக்கிக்கொள்வான். இது என் மேடு, நானே எடுக்கிறேன் என்று பிரகாசி சொன்னாள். சொன்னாளே தவிர அடுத்த புதன்கிழமை காற்று சரியில்லை என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டாள், அதற்கடுத்த புதன்கிழமையும் காற்று சரியில்லை, அதற்கடுத்ததும் அப்படியே. காற்று நன்றாகத்தான் இருந்தது, டாக்டருக்கும் தெரியும், அவர் கண்டும் காணாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சீனிச்சாமியின் மனைவி மாயக்காள் செயற்கைக்கோள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆளுக்கு ஒருவராகப் பேசினார்கள், எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், நிம்மதியாகப் போய்விட்டார் அம்மா, சிரமமே படவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிற மாதிரி. மாயக்காள் சரி சரி என்று கேட்டுக்கொள்வாள். அழுது யாரும் கேட்டதில்லை. நான்காவது ஞாயிறு, மேட்டில் நிற்கிற மூச்சைப் பற்றித் துரைக்கண்ணு வாய்தவறி உளறிவிட, அவள் அதற்கும் ஆச்சரியப்படவில்லை, அப்படியானால் அவர் உட்கார்ந்திருந்ததை முதலில் கண்ட பெண்ணிடம் போனைக் கொடு என்றாள். பிரகாசி வாங்கினாள். ஒரு சொல் போய்ச் சேர ஒரு விநாடி ஆகிற தொலைபேசி அது.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு தாயி," என்றாள் மாயக்காள். "ஆறுதலுக்குச் சொல்றதுன்னா வேண்டாம். ஆறுதல் சொல்ல இங்கன ஊரே இருக்கு. உள்ளத உள்ளபடி சொல்லு, நீ அளக்குற பிள்ளையாமுல்ல."

அதற்கு அடுத்த புதன்கிழமை பிரகாசி மேட்டுக்குப் போனாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். மற்றவர்கள் கீழே கிடங்கு வாசலிலேயே நின்றுகொண்டார்கள், துரைக்கண்ணு அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். தூரத்திலேயே உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே விட்டு நெஞ்சைக் காலியாக்கிக்கொண்டு, கடலில் குதிப்பதற்கு முன்னால் அப்பா செய்கிற மாதிரி தோளை ஒரு தடவை இறக்கிவிட்டு, நேரே முதல் மூச்சின் முன்னால் போய் நின்று இழுத்தாள். அதில் அவசரம் இருந்தது, ஏறி வந்த இளைப்பு இருந்தது, வாயுப் பிடிப்பு என்று அவர் நினைத்த ஒரு பாரம் இருந்தது, அந்த மேட்டுக்காரியிடம் நாமாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் இருந்தது. வெளியே விடாமல் குனிந்து இரண்டாவதை இழுத்தாள். வலி நெஞ்சைப் பிளந்தது, வலிக்கு மேலே கோபம், கையை வீசுகிறாளே, மனுஷன் எதற்கு வருகிறான் என்று பார்க்காமல் கையை வீசுகிறாளே என்ற பச்சைக் கோபம், அவளுக்கே அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து மூன்றாவதை இழுத்தாள். இது சின்னது, அநேகமாக ஒன்றுமில்லாதது. இதில் பயம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள், அல்லது பெண்டாட்டி பிள்ளை நினைப்பு இருக்கும், அல்லது எல்லோரும் சொல்கிற அந்த நிம்மதி. தேடிப் பார்த்தாள். இல்லை. எழுந்திருக்க மாட்டேன் என்கிற தன் கால்மேல் கோபம், இந்தப் பனிமேல் கோபம், மூன்றாம் நம்பர் ஜெனரேட்டரின் பெல்ட்டை இனி எவனும் ஒழுங்காகப் பார்க்கப்போவதில்லை என்ற கோபம், அவ்வளவுதான், கடைசிச் சொட்டு வரைக்கும் கோபம்.

மூன்றையும் உள்ளே வைத்துக்கொண்டு அவள் நூறு எட்டு தாண்டிப் போய் விழுந்தாள், அங்கேதான் மூச்சு விட்டாள், அங்கேதான் கதறினாள். யாரும் கிட்டப் போகவில்லை, அவள் அழுத மூச்செல்லாம் அவளைச் சுற்றி ஒவ்வொன்றாக நின்றன. பிறகு எழுந்து போய் வால்வைத் திறந்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி காற்று போகிற திசையில் நடந்து போய்க் காத்திருந்து, திரும்பி வந்து மூடினாள். திரும்பும் வழியில் கொட்டகைக்குள் புகுந்து பெல்ட்டை இப்படியா விடுவது என்று மூன்று பேரைக் கிழி கிழி என்று கிழித்தாள். மூன்று பேரும் பெல்ட்டை மாற்றினார்கள்.

அன்றைக்கே பதிவேட்டை எடுத்து, செப்டம்பர் இரண்டாம் புதன்கிழமைக்கு நேரே இல்லை என்றிருந்ததை அடித்துவிட்டு, ஆள் இருந்தார், முப்பது எட்டில், நான் பார்த்தேன், வால்வை மூடிவிட்டு இறங்கிப் போகவில்லை என்று எழுதினாள். காற்று சரியில்லை என்ற மூன்றையும் அடித்து, காற்று சரியாக இருந்தது, நான் போகவில்லை என்று எழுதினாள். டாக்டர் படித்தார், வெகுநேரம் படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு வருஷ வரிசையில் நான்கு புதன்கிழமை ஓட்டை விழுந்தது, அது அவள் பெயரில் விழுந்தது, அவளை இனி அங்கே அனுப்ப மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் எல்லோரும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து தூரப் போனார்கள். பிரகாசி எடுத்தாள்.

"மதினி, முதல்ல ஒண்ணு சொல்லுதேன். அண்ணாச்சி வந்தத நான் பாத்தேன். போங்கன்னு கைய வீசுனேன். அவுக உக்காந்ததையும் பாத்தேன். என் வேல முடியுற மட்டும் நான் இறங்கி வரல. எல்லார்ட்டயும் பாக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

ஒரு விநாடி போனது, இன்னும் ஒரு விநாடி போனது.

"மூச்ச எடுத்துப் பாத்தேன். வலி இருந்திச்சி மதினி, நல்ல வலி. நிம்மதியெல்லாம் இல்ல. உங்க நெனப்பு இருக்கான்னு தேடுனேன், அதுவும் இல்ல. கோவம்தான் இருந்திச்சி. எம்மேல கோவம், காலுமேல கோவம், மிசினுமேல கோவம். கடைசி மூச்சுலயும் அதான்."

"கோவமா?" என்றாள் மாயக்காள்.

"ஆமா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது, யாரோ என்ன என்ன என்று கேட்கிற சத்தம் கேட்டது, அப்புறம் மாயக்காள் அழுவது கேட்டது. அடிவயிற்றிலிருந்து, ஒப்பாரி இல்லாமல், சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். பிரகாசி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கட்டணம், நேரம் என்று டாக்டரும் எதுவும் சொல்லவில்லை, அழுகை முடிகிற வரைக்கும் பதினெட்டுப் பேரும் நின்றார்கள்.

"நீ செஞ்சதுக்கு உன்னைய நான் விட்ரல, அத வேற ஒரு நாளைக்குப் பேசிக்கிருவோம்," என்றாள் மாயக்காள். "எல்லாரும் நிம்மதியாப் போனாரு, நிம்மதியாப் போனாருன்னு சொன்னாய்ங்க. அது எவனோ ஒருத்தன்னு இருந்தேன். இன்னைக்குத்தான் தாயி எம் புருசன் செத்திருக்காரு."